நம்பர் போடாத மீன்கள்

கணினி நின்றுபோனால் எந்த ஒயரைப் பிடுங்கி எதில் செருக வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு ஆள் இருக்கிறார்கள். இப்போது பணியில் சேருகிற உங்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். நான் நாற்பது வயதுக்கு மேல் பத்து நாள் பயிற்சியில் மவுஸ் பிடிக்கப் பழகினவள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நெருக்கடி வந்தால் நூலகர் என்னென்ன அபத்தம் செய்வார் என்பது. ஏனென்றால் செய்தவள் நான். மறைத்து எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் கிளை நூலகம் மண்ணரைக்குப் போகிற வழியில் இருந்தது. ஒரு பக்கம் சாலை. இன்னொரு பக்கம், ஆறடிச் சந்துக்கு அப்பால், பனியன் துணி வெட்டுகிற ஒரு கட்டிங் யூனிட். எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கம்பெனிகளுக்கு ஞாயிறு. அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் ஹாலுக்கு உயிர் வரும். தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத சட்டையோடு தையல்காரர்கள் வருவார்கள். ஈரப் பின்னலோடு பெண்கள் வருவார்கள். இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடத்தில் எங்களுக்கு நான்கு கணினிகள் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம். நோட்டில் பெயர் எழுதிவிட்டு உட்கார வேண்டும். பயோடேட்டா அடிப்பார்கள், ஊருக்குக் கடிதம் அடிப்பார்கள். அடித்ததை அதிலேயே சேமித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வந்து தொடருவார்கள். பென் டிரைவ் எல்லார் கையிலும் இருந்த காலமில்லை அது.

பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லி ஒரு உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை வேலை நடக்கும். மறுநாள் இரண்டாம் சனி, அன்றும் விடுமுறை. ஞாயிறு பதினொரு மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து புதுப்பித்த கணினிகளைத் தொடங்கி வைப்பார். பேனர் கட்ட வேண்டும், நான்கும் ஓட வேண்டும். உத்தரவில் இருந்தது இவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமையை இப்போது நினைத்தால் நான் விழித்திருந்தேனா என்றே சந்தேகம் வருகிறது. குன்னத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து கதவைத் திறந்தபோது ஹால் குளத்தின் அடியைப் போல இருந்தது. பச்சைக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து இறங்கியது. வாசகர் இல்லாத மேசைகள் தரையிலிருந்து கொஞ்சம் மேலே நிற்பதுபோலத் தெரிந்தன. சந்துக்கு அப்பால் கட்டிங் மிஷின் விட்டு விட்டுப் பாடிக்கொண்டிருந்தது. கணினி சர்வீஸ்காரர் மேசைக்கடியில் இருந்த நான்கு பெட்டிகளையும் ஒயரைக் கழற்றி நடு மேசைக்குக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கண் சொக்கியது.

"மேடம், டி டிரைவ்ல நெறையக் கெடக்குதுங்க. காப்பி எடுத்து வெக்கணுங்களா?"

"என்னென்ன கெடக்குது?"

அவர் படித்தார். "பயோடேட்டா. அம்மா லெட்டர். நியூ ஃபோல்டர் ஏழு. மீன். மீன் ரெண்டு. மீன் மூணு. இன்னும் போகுதுங்க."

நம் வேலையில் வருடாவருடம் இருப்புச் சரிபார்ப்பு உண்டு. அலமாரியில் இருக்கிற ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, அதன் எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு டிக் போடுவோம். எண் இருந்தால் நூலகத்தின் சொத்து. எண் இல்லாமல் கிடப்பது யாரோ விட்டுப்போனது. பழைய நோட்டு, பஸ் டிக்கெட், நடுவில் வைத்த இலை. எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவோம். பதினெட்டு வருடம் அதையே செய்த கை என் கை. அதே கையோடு கணினியிடமும் போனேன்.

"நம்ம மெம்பர் லிஸ்ட், புத்தக லிஸ்ட் ரெண்டையும் சிடில எடுத்துக்குங்க. நம்பர் இல்லாதது எதுவும் நம்மளது இல்ல. போகட்டும்," என்றேன்.

எங்கள் நூலகத்தில் கூட்டிப் பெருக்குகிற அம்மா அன்று விழாவுக்காக ஹாலைக் கழுவ வந்திருந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், எழுதினால் திட்டுவார். என் வயதுதான் அவருக்கும். துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க மேடம், அந்த மீனு, தூத்துக்குடிப் புள்ள வரைஞ்சதுங்க. ஜன்னலோரத்துல உக்காந்து வாராவாரம் வரையுமுங்களே."

"உங்க வேலையப் பாருங்க," என்றேன். எங்கள் பக்கத்தில் மூஞ்சியில் அடிக்கும்போதும் 'ங்க' போட்டுத்தான் அடிப்போம்.

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டப் போனார். திரையில் நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. எனக்கு அது அழகாக இருந்தது. வெள்ளையடித்த சுவரைப் பார்ப்பதுபோல இருந்தது. மதியம் நான்கு பெட்டிகளையும் திரும்ப மேசைகளுக்கடியில் வைத்து ஒயர் மாட்டிவிட்டு சர்வீஸ்காரர் போனார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு நிம்மதியாக பஸ் ஏறினேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, கணினிகளைப் போட்டதும், அந்தப் பெண் வந்தாள். பெயர் ஜெனிட்டா. தூத்துக்குடிக்கு அந்தப் பக்கம் ஏதோ கடற்கரை ஊர். மண்ணரையில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் அக்கா குடும்பத்தோடு இருந்தாள். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற ஒவ்வொரு டி-சர்ட்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்க வேண்டும். முழு ஷிப்டும் நின்றபடி. இருபத்து நான்கு வயதில் அவளுக்குக் கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடந்தது. நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிற்காமல் அங்கே அவளுக்கு வேலை இல்லை.

நோட்டில் பெயர் எழுதினாள், ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கையில் உறை பிரிக்காத ஒரு சிடி. கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, என் மீன் ஒண்ணையும் காணலயே."

"புதுசு போட்டிருக்கும்மா."

"சரிக்கா. பழசு எங்க வச்சிருக்கீங்க?"

"வெக்கல. அழிச்சாச்சு."

அவள் கத்தவில்லை. சிடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "பதினோரு படம்க்கா," என்றாள். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அருள்புரத்துல ஒரு பிரிண்டிங் கம்பெனில வரச் சொல்லியிருக்காங்க. பிள்ளைங்க பனியன்ல போடுற படம் வரைய ஆள் கேக்காங்க. வரைஞ்சது இருந்தா எடுத்துட்டு வான்னாங்க. உக்காந்து பாக்குற வேலைக்கா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சுவரில் இருந்த பலகையைக் காட்டினேன். கணினியில் சேமிக்கும் கோப்புகளுக்கு நூலகம் பொறுப்பல்ல. அதை எழுதச் சொல்லி மாட்டியவளும் நான்தான். நீங்களும் ஒருநாள் காட்டுவீர்கள். தப்பு செய்தவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பலகைதான்.

கூட்டுகிற அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். "போர்டு நல்லாத்தானுங்க இருக்குது," என்றார். "அதையே கழட்டிக் குடுங்க. நாளைக்கு அந்தப் புள்ள அருள்புரத்துக்குக் கொண்டுபோய்க் காட்டட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் என்று நினைத்துக்கொண்டுதான் போனை எடுத்தேன். சர்வீஸ்காரர் பல்லடம் பக்கம் ஏதோ வேலையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"இப்ப கம்ப்யூட்டர் ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"நாலும் ஓடுது. மூணு பேர் உக்காந்திருக்காங்க."

"மொதல்ல எல்லாத்தையும் அமத்துங்க மேடம். யாரையும் எதையும் சேவ் பண்ண விடாதீங்க. அழிச்சதுன்னா அது அங்கயேதான் கெடக்கும். இடம் காலின்னு மட்டும் குறிச்சு வெச்சிருக்கும். புதுசா ஏதாச்சும் சேவ் பண்ணினா அதுமேல போய் உக்காந்துக்கும். அப்புறம் சாமியே வந்தாலும் எடுக்க முடியாதுங்க."

இது எனக்கு உடனே புரிந்தது. அட்டவணையிலிருந்து அட்டையைத்தான் கிழித்திருக்கிறேன், புத்தகம் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த இடத்தில் வேறு புத்தகத்தைத் திணித்தால்தான் போகும்.

மூன்று பேரையும் எழுப்பினேன். ஒருவர் பீகார்க்காரர், அப்போதுதான் முதல் வரி அடித்திருந்தார். மன்னிப்புக் கேட்க எனக்கு இந்தி தெரியாது, கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டு எழுந்தார். நான்கையும் அணைத்து ஒயரைப் பிடுங்கினேன். திரும்பப் போனுக்கு வந்து, "ஜன்னலோரப் பெட்டியத் தனியா எடுத்து வெக்கறேன், வந்து பாருங்க," என்றேன்.

அவர் சொன்னார்: "அது ஜன்னலோரப் பெட்டிதானான்னு தெரியாதுங்க. நாலும் ஒரே மாதிரி. எதை எங்க திரும்ப வெச்சேன்னு நான் பாக்கலைங்க. நம்பர் பெட்டில இல்லீங்களே, மானிட்டர்லதான எழுதியிருந்தீங்க?"

உண்மை. நூலகர் எண் எழுதுவது முகத்தில்தான். புத்தகத்துக்கு முதுகில் ஒட்டுகிறோம், ஏனென்றால் அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிற இடம் அது. கணினிக்கு மானிட்டரின் நெற்றியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வெள்ளைப் பெயின்ட்டில் எழுதினேன். உள்ளே எழுதியது எல்லாம் மேசைக்கடியில் இருக்கிற இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்பது தோன்றவே இல்லை.

"ஒரு பெட்டிக்கு நாலு மணி நேரம் ஆகுமுங்க," என்றார் அவர். "ஒரு மணிக்கு வர்றேன். சாயங்காலம் கோயமுத்தூர் போயே ஆகணும். ஒண்ணுதான் பாக்க முடியும். எதுன்னு கண்டுபிடிச்சு வெய்யுங்க."

போனை வைத்தேன். மணி பத்து. வாசலில் பேனர் ஆடிக்கொண்டிருந்தது. இருட்டான நான்கு திரைகளிலும் நானும் ஜன்னலும் தெரிந்தோம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. வருகிறவர்களைப் பத்திரிகைப் பக்கம் அனுப்பியது நினைவிருக்கிறது. மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. ஜெனிட்டா ஜன்னலோர நாற்காலியைவிட்டு எழவில்லை. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவளைப் போல அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிரார்த்தனை செய்தாளா, வெறுமனே பார்த்தாளா, தெரியாது.

அதிகாரி சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

"என்னம்மா, நாலும் இருட்டா இருக்கு. கரண்ட் இல்லியா?"

"கரண்ட் இருக்குதுங்க சார். நாந்தான் அமத்தி வெச்சிருக்கேன்." சொன்னேன், முழுசாக. அழிக்கச் சொன்னது நான் என்பதையும் சேர்த்து.

"சரி, ஒண்ணை ஒதுக்கி வெச்சிட்டு மூணைப் போடுங்க. முடிஞ்சுது."

"எந்த ஒண்ணுன்னு தெரியலைங்க சார்."

"ஏதாவது ஒண்ணு."

"தப்பான ஒண்ணை ஒதுக்கினா, சரியானது மேல நீங்களே எழுதிடுவீங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், ஜெனிட்டாவைப் பார்த்தார். "ஒரு பொண்ணு வரைஞ்ச மீனுக்காக விழாவை நிறுத்தணுங்கறீங்களா?"

"மீனுக்காக இல்லைங்க சார். நான் கேக்காம அழிச்சதுக்காக."

"பதினஞ்சு நிமிஷம் தர்றேன்," என்றார். "அப்புறம் மூணு ஓடணும். எந்த மூணுன்னு நீங்களே முடிவு பண்ணி, உங்க கைப்பட எழுதி என்கிட்ட குடுங்க."

இதைக் கவனியுங்கள். இந்த மாதிரி பதினைந்து நிமிடம் உங்களுக்கும் வரும். அப்போது எதையாவது செய்துவிட வேண்டும் என்று கை துடிக்கும். நான் பேனாவை எடுத்துவிட்டேன். இடமிருந்து இரண்டாவதை ஒதுக்குவது என்று எழுத ஆரம்பித்தேன். ஏன் இரண்டாவது? ஒரு காரணமும் இல்லை. அதிகாரி முன்னால் எனக்குத் தெரியாது என்று இரண்டாம் தடவை சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட இருந்தேன்.

கூட்டுகிற அம்மா வந்து என் முன்னால் இருந்த காகிதத்தின் மேல் கையை வைத்தார். "எங்களக் கேக்கவே மாட்டீங்களா மேடம்?" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு ஜெனிட்டாவைப் பார்த்து, "கண்ணு, உன்ர பெட்டி எதுன்னு உனக்கு ஏதாச்சும் தெரியுமா? நீதான அது பக்கத்துல மூணு மாசம் உக்காந்திருந்தே," என்றார்.

ஜெனிட்டா எழுந்தாள். மேசைக்கடியில் குனிந்து முதல் பெட்டியை வெளியே இழுத்துப் பின்பக்கமாகத் திருப்பினாள். இரண்டாவதை, மூன்றாவதை, நான்காவதை. செக்கிங்கில் துணியை வெளிப்பக்கம் பார்த்தால் போதாது, உள்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் அவள் கையில் இருந்தது. எங்கள் யாருக்கும் அப்படி ஒரு யோசனையே வரவில்லை.

ஒவ்வொரு பெட்டியின் முதுகிலும் காற்று போகிற சல்லடை ஒன்று உண்டு. அதில் பஞ்சு அடைத்திருந்தது. இரண்டு பெட்டியில் வெறும் சாம்பல் நிறத் தூசி. மற்ற இரண்டில் நிறம் இருந்தது. அவள் நகத்தால் நெம்பி இரண்டையும் மெத்தை மெத்தையாக உரித்து எடுத்தாள். தரையில் உட்கார்ந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஹாலில் எல்லாரும் சுற்றி நின்றோம். அதிகாரியும் நின்றார். சின்னக் கம்பளித் துண்டு மாதிரி இருந்தது. நீலம், அதன்மேல் வெள்ளை, அதன்மேல் ரோஸ், மறுபடி நீலம். பக்கத்து யூனிட்டில் ஒவ்வொரு ஆர்டருக்கும் வெட்டின துணியின் நிறம், படுகை படுகையாக. மூன்று மாதம் எங்களுக்குத் தெரியாமல் அந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்து படிந்துகொண்டிருந்திருக்கிறது.

"இதுதான் சார்," என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"ரெண்டுலயும் கலர் இருக்கே. எப்படிச் சொல்றே?"

"இதப் பாருங்க சார், இந்த நீலம் மெத்துன்னு நீளமா இருக்குல்லா. இது ஃப்ளீஸ், குளிர் சட்டைத் துணி. இந்தப் பஞ்சு லேசு, ரொம்ப தூரம் பறக்கும். ரெண்டு பெட்டிலயும் இது இருக்கு. இந்த ரோஸ் சாதா பனியன் துணி. இதோட பஞ்சு பொடியா இருக்கும், கனம். ஜன்னலைத் தாண்டினதும் விழுந்துரும். அது இந்த ஒரு பெட்டிலதான் இருக்கு. அப்ப ஜன்னலுக்குக் கீழ இருந்தது இது. அது அடுத்த டேபிள்."

"நிச்சயமா?"

"இல்ல சார். ஆனா போனா என் படம்தான போகும். இதை ஒதுக்கிட்டு மத்ததை ஓட்டுங்க."

நான் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன். வாசகர் ஜெனிட்டா அடையாளம் காட்டிய பெட்டி ஒதுக்கப்பட்டது, காரணம் இன்னது என்று எழுதினேன். என் உத்தரவால் அழிந்தது என்றும் எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார். மூன்று கணினிகளை ஓட்டினோம். அவர் ஒன்றில் உட்கார்ந்து நூலகம் வாழ்க என்று அடித்துச் சேமித்தார். கைதட்டினோம். போகும்போது, "மெமோ வரும்மா," என்றார். வந்தது. பதில் எழுதினேன். அது ஒரு பெரிய விஷயம் இல்லை.

ஒரு மணிக்கு சர்வீஸ்காரர் வந்தார். சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், கையில் ஒரு தனி ஹார்டு டிஸ்க். அந்தப் பெட்டியை நடு மேசையில் வைத்து வேலையை ஆரம்பித்தார். ஆரம்பித்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

அந்த மதியம்தான் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருகிறது. வெயில் தரையில் மெதுவாக இடம் மாறியது. கட்டிங் யூனிட் விடுமுறை, அதனால் சந்தில் சத்தமே இல்லை. கூட்டுகிற அம்மா வீட்டிலிருந்து தக்காளி சாதம் கொண்டுவந்தார். நாலு பேரும் சாப்பிட்டோம். திரையில் பெயர் இல்லாத கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெயரெல்லாம் போய்விட்டதாம், வெறும் எண்தான். யாரோ ஒருவரின் பயோடேட்டா. யாரோ அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் நான்கு வரி. நான் குப்பை என்று தள்ளியதெல்லாம் ஒருவர் பின் ஒருவராக அறைக்குள் வருவதுபோல இருந்தது.

மூன்று மணிக்கு மேல் முதல் மீன் வந்தது. மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கியது. முதலில் தண்ணீர், பிறகு முதுகு, பிறகு கண். பக்கத்தில் வந்து பார்த்தேன். மீனின் செதில் ஒவ்வொன்றும் ஒரே அளவு அரைவட்டம்.

"இது என்னது இப்படி?"

"கழுத்து வெட்டினா விழுமேக்கா, அந்தப் பிசிறு," என்றாள். "பனியனுக்குக் கழுத்து வெட்டும்போது அரை நிலா மாதிரி ஒரு துண்டு கீழ விழும். நாள் பூரா விழுந்துக்கிட்டே இருக்கும். கால் வலிக்கும்போது கீழ பாத்துக்கிட்டு நிப்பேன். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெடக்குறது செதில் மாதிரி இருக்கும்."

அன்றைக்குப் பிறகு பல தடவை அந்த மீன்கள் என் தூக்கத்தில் வந்திருக்கின்றன. பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தில், புத்தக அலமாரிகளுக்கு நடுவில், ரோஸும் நீலமுமாக. நான் அப்படிக் கனவு காண்கிற ஆள் இல்லை.

ஐந்து மணிக்குள் ஆறு படம் முழுசாக வந்தது. இரண்டு பாதி வந்தது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல். மூன்று வரவே இல்லை. காலையில் கணினி ஓடின அரை மணி நேரத்தில் அதுவே தனக்கு ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும் என்றார் சர்வீஸ்காரர். முழுசாக வந்த ஆறையும் சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஜெனிட்டா சிடியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். மற்ற கோப்புகளை நான் எடுத்து வைத்தேன். அடுத்த இரண்டு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறவர்களிடமெல்லாம் இது உங்களுடையதா என்று கேட்டேன். சிலது உரியவரிடம் போனது. பலது போகவில்லை. அம்மாவுக்கு எழுதிய அந்த நான்கு வரி யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெனிட்டா வந்தாள். நான் மேசையைவிட்டு எழுந்தே போனேன்.

"போனியா?"

"போனேன்க்கா. டிசைன் ரூம்ல ஒரு சார் இருந்தாரு. சிடியப் போட்டு ஒரு படம் பாத்தாரு. ரெண்டாவதைப் பாக்கல. எந்திரிச்சு அவரு சேரைக் குடுத்து, இப்ப ஒண்ணு வரைன்னாரு. அங்க வேற என்னமோ சாப்ட்வேர், எனக்கு ஒண்ணும் புரியல. இங்க நான் வரையுற பெயின்ட் சாப்ட்வேர் இருக்கான்னு கேட்டேன். அங்க இருந்தவங்க சிரிச்சாங்க. அவரு சிரிக்கல. போட்டுக் குடுத்தாரு. ஒரு நண்டு வரைஞ்சேன்."

"அப்புறம்?"

"வர்ற மாசத்துல இருந்து வரச் சொல்லிட்டாங்க. உக்காந்து பாக்குற வேலைக்கா." அதை இன்னொரு தடவையும் சொன்னாள்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அதிகாரியிடம் நின்றது, நாலு மணி நேரம் திரையைப் பார்த்து உயிரைக் கையில் பிடித்திருந்தது, மெமோ, எல்லாம் எதற்கு? "அப்ப மத்த அஞ்சு படத்தை அவர் பாக்கவே இல்லியா?" என்றேன். "அது இல்லாமலே ஆயிருக்குமே. போய் நேரா வரைஞ்சு காட்டியிருந்தா முடிஞ்சுதே."

ஓட்டை விழுந்த பனியனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"எப்படிக்கா ஆகும்? கையில சிடி இல்லன்னா நான் போயிருக்கவே மாட்டேன்லா. கேட்டுல வாட்ச்மேன் என்ன விஷயம்னு கேட்டாரு. டிசைன் காட்ட வந்திருக்கேன்னு இதத் தூக்கிக் காட்டினேன். வெறுங்கையோட போய் அந்த வார்த்தை எப்படி வாயில வரும்?"

உங்களுக்குச் சொல்ல இருந்ததை அவளே சொல்லிவிட்டாள். நூலகத்தில் ஒருவர் விட்டுவிட்டுப் போவது உங்கள் கண்ணுக்கு ஒரு கோப்பு, சில கிலோபைட். அவருக்கு அது எதைச் செய்யத் தைரியம் கொடுக்கிறது என்பது உங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதனால் அழிப்பதற்கு முன்னால் கேளுங்கள். வாசகரைக் கேளுங்கள், கூட்டுகிறவரைக் கேளுங்கள். கேட்டால் உங்கள் பதவி தேய்ந்துபோகாது. கேட்காமல் செய்துவிட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். அதைவிடக் கேவலம் தெரிந்த மாதிரி கையெழுத்துப் போடுவது.

ஜெனிட்டா நோட்டில் பெயர் எழுதினாள். "இனிமே எதுக்கும்மா? வேலைதான் கெடைச்சாச்சே," என்றேன்.

"வராமப் போன மூணு இருக்குல்லா," என்றாள்.

போய் உட்கார்ந்து முதல் அரைவட்டத்தைப் போட்டாள். நான் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அடுத்தவர் வந்து நின்றார். பக்கத்துக் கணினிக்கு அவரைப் போகச் சொன்னேன். செதில் கழுத்தைத் தாண்டி வால் பக்கம் போய்க்கொண்டிருந்தது.